பெரகலக் கடைக்கு நான் எழுதிய ஜாதகம்

ரயில் பதுளைக்கு வந்த பிறகு இங்குள்ள மொத்தக் கடைகளில் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. வாரச் சீட்டில் 'கேட்டது' என்று ஒரு பத்தி போடுகிறார்கள். வாடிக்கைக்காரர் ஒரு சாமானைக் கேட்டு, கிடைக்காமல் திரும்பிப் போனால் அந்தப் பத்தியில் ஒரு கோடு. வார முடிவில் கோடுகளை எண்ணிப் பார்த்து, அடுத்த வண்டியில் எதை எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்கிறார்கள். நல்ல பழக்கம். சென்ற மாதம் கடை எழுத்தர்கள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்து, "இதை முதலில் செய்தவர் நீங்கள்தானாமே, எப்படித் தோன்றியது என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். ஒரு மாலையும் கொண்டு வந்திருந்தார்கள். வாங்கி என் பழைய நாற்காலியின் மேல் போட்டேன். எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். ஆனால் அவர்கள் எதிர்பார்த்துப் போனது வேறு, நான் எழுதப்போவது வேறு.

என் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்தில் உபதேசியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு நன்றாக வந்தது. கணக்கு வந்த அளவுக்கு அடக்கம் வரவில்லை. கடல் தாண்டி வந்து, ஒரு தோட்டத்து ஆபீசில் ஒரு வருஷம் மழை அளவும் கொழுந்து எடையும் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் துரை எழுதச் சொல்வாரே தவிர, எழுதியதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். இவ்வளவு எண்கள் ஒரு பிரயோசனமும் இல்லாமல் அலமாரியில் தூங்குகின்றனவே என்று எனக்கு அங்கலாய்ப்பு. அதை விட்டுப் பதுளைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் எழுத்தராகச் சேர்ந்தேன். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கு மேல் எல்லாம் மாட்டு வண்டிதான்.

கடை முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய உடம்பு, சின்னக் குரல். கடைக்கு நடுவில் பாய் போட்டு, வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். எந்தச் சாமானை எவ்வளவு வரவழைப்பது என்பதை மூக்கால் முடிவு செய்வார். காலையில் வாசலுக்கு வந்து காற்றை ஒரு இழுப்பு இழுத்து, "கருவாடு ரெண்டு சிப்பம் கூடப் போடு" என்பார். அடுத்த இழுப்பில், "மிளகாயக் குறை." அதோடு அன்றைய நிர்வாகம் முடிந்தது. மூக்குக்கு அடுத்தபடி அவர் நம்பியது கைராசி. ஒருவன் கை தொட்டால் பெருகும், இன்னொருவன் கை தொட்டால் சுருங்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆளை வேலைக்குச் சேர்க்கும்போது எழுத்தைப் பார்க்க மாட்டார், உள்ளங்கையைப் பார்ப்பார். என் கையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மை கறை ஜாஸ்தி, ஒண்ணும் தெரியல" என்று சேர்த்துக்கொண்டார். என் பெயர் தேவசகாயம். அவர் வாய்க்கு அது நீளமாக இருந்ததால் முதல் வாரத்திலேயே 'சாயம்' ஆக்கிவிட்டார்.

அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. 'இல்லை' என்ற சொல் வாசலுக்குள் வரக்கூடாது; சொன்னால் லட்சுமி போய்விடுவாள். தேங்காய் எண்ணெய் தீர்ந்துபோன நாளில் யாராவது கேட்டால் "வருது" என்று சொல்ல வேண்டும். எப்போது வருகிறது என்பது கேட்டவர் பாடு. என் வீட்டில் அரிசி தீர்ந்தால் அம்மா 'தீர்ந்துவிட்டது' என்று சொல்லிவிட்டு ஜெபத்தில் உட்கார்ந்துவிடுவாள். இந்த 'வருது' எனக்குப் பெரிய வேடிக்கை. தனியாக இருக்கும்போது சொல்லிச் சிரித்துக்கொள்வேன்.

சேர்ந்த கொஞ்ச நாளில் முதலாளியின் மூக்கைச் சோதிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இன்று இது விற்கும் என்று அவர் சொல்லி, விற்றால் ஒரு பக்கம் கோடு. விற்காவிட்டால் எதிர்ப் பக்கம் கோடு. ஒரு நாள் அது அவர் கையில் அகப்பட்டுவிட்டது.

"இது என்னப்பா கோடு?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "நீங்க சொன்னதுங்க. நடந்தது இந்தப் பக்கம், நடக்காதது அந்தப் பக்கம்."

வெகுநேரம் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். "நடக்காதது கொஞ்சம் கூட இருக்கும் போலயே" என்றார்.

"மூணு கோடுதாங்க கூட."

"போன மாசம் மழை பெஞ்சப்ப சொன்னதையெல்லாம் சேக்காத. ஜலதோஷம், மூக்கு அடைச்சிருந்துச்சு" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் அப்படிப்பட்ட மனிதர். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பின்னால் செய்த காரியத்துக்கு அவருடைய கோபத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது என்பதற்காக.

கருவாட்டு விஷயத்தில்தான் எனக்குப் பெயர் வந்தது. சில வாரம் கருவாடு பறக்கும், சில வாரம் புழு வைக்கும். தோட்டத்தில் சம்பளம் போடும் வாரம்தான் விற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எட்டு மாதத்து விற்பனையைத் தாளில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். சம்பள வாரத்துக்கும் கருவாட்டுக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. பிறகு பக்கத்திலேயே மழையை எழுதிப் பார்த்தேன்; ஓரளவு ஒத்துப்போயிற்று. மழைக்கும் கருவாட்டுக்கும் என்ன உறவு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் வாசலில் நின்ற பெண் ஒருத்தி, "வெலிமட வண்டி வரலைங்க, வெறும் சோத்த எப்படித் திங்கிறது" என்று சொல்லிக் கருவாடு வாங்கிப் போனாள். அவ்வளவுதான். மழையில் வெலிமடைப் பாதை சேறானால் காய்கறி வண்டி வராது. காய்கறி வராவிட்டால் கருவாடு. அன்று முதல் காலையில் கடை வழியாகப் போகும் வெலிமடை வண்டிகளைக் கதவு நிலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணினேன். இரண்டு நாள் கோடு குறைந்தால் மூன்றாம் நாளுக்குக் கருவாடு தயார். அந்த மழைக்காலத்தில் பதுளையில் கருவாடு கிடைத்த கடை எங்களுடையது ஒன்றுதான்.

முதலாளி என் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டம் கட்டமாக இருந்தது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"ஜாதகமில்ல இது? கருவாட்டுக்கு ஜாதகம் எழுதிட்டான்யா நம்ம கிளாக்கர்" என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவர் முன்னால் உட்கார்ந்து நான் கட்டத்தைப் படிக்க வேண்டும். "மண்ணெண்ணெய்க்கு இந்த மாசம் எப்படி, சனி விலகிருச்சா?" என்று கேட்பார். நான் சிரிக்காமல், "இறங்குமுகமாத்தான் இருக்குங்க" என்பேன். சாமான்களுக்கு ஜாதகம் எழுதுகிறவன் என்று பெயரானேன். அந்தப் பெயரை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டு உள்ளூர மிகவும் ரசித்தேன்.

ரசித்ததோடு நிற்காமல் கிளைக் கடைகளையும் கட்டத்துக்குள் கொண்டுவர ஆசைப்பட்டேன். எங்களுக்குப் பசறையிலும் பண்டாரவளையிலும் பெரகலையிலும் ஒவ்வொரு கடை இருந்தது. அதுவரை ஒவ்வொரு கடைக்கும் பழைய வழக்கப்படி ஒரே மாதிரி சாமான் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு சீட்டு அச்சடித்தேன். இடப்பக்கம் சாமான் பெயர். நடுவில் சென்ற வாரம் நாங்கள் அனுப்பிய அளவு. வலப்பக்கம் வெள்ளிக்கிழமை மாலை கடையில் மிஞ்சியிருக்கும் அளவு. வலப்பக்கத்தை மட்டும் கடைக்காரர் எண்ணி எழுதி வண்டிக்காரனிடம் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை நான் அனுப்பியதிலிருந்து மிஞ்சியதைக் கழிப்பேன், வருவது விற்றது. அதிகம் விற்றதை அதிகம் அனுப்புவேன், விற்காததைக் குறைப்பேன். காசு விவகாரம் வேறு ஆள், வேறு நோட்டு. தோட்டத்து ஆட்கள் கடைகளில் வைத்த கடனைக் கங்காணிமார் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் தீர்ப்பார்கள். எனக்கு வேலை சாமானோடு மட்டும்.

முதலாளி ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "அவங்க எழுதுறத நான் பாக்க வேணாமா?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நான் சுருக்கிக் கட்டத்துல போட்டுக் காட்டுறேன்" என்றேன்.

பெரகலக் கடையை நடத்தியவரைச் சுப்பையா என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் அல்ல. ராமநாதபுரத்துப் பக்கம். முதலாளியின் ஊர்ச் சனம். எழுத்து கொஞ்சம் வரும், எழுதும்போது நாக்கு வெளியே வரும். மனைவி செல்லாயி, இதுவும் நான் வைத்த பெயர். கடையும் குடித்தனமும் ஒரே கூரையில். மூட்டையை அவிழ்ப்பது, அளப்பது, எண்ணுவது எல்லாம் அந்த அம்மாள். சொல்வதை எழுதுவது சுப்பையா.

பசறைக்காரரும் பண்டாரவளைக்காரரும் எண் எழுதினார்கள். சுப்பையாவின் சீட்டில் சிலேட்டுக் குச்சி, சீயக்காய், ஊதுபத்தி ஆகியவற்றுக்கு நேராக எண் இருந்தது. கருவாடு, தேங்காய் எண்ணெய், மிளகாய், தீப்பெட்டி ஆகியவற்றுக்கு நேராக எண் இல்லை. சாய்ந்த எழுத்தில் 'நிறைவு' என்று இருந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. எண்ண அலுப்புப்பட்டு, 'நிறைய இருக்கிறது' என்று எழுதி அனுப்புகிறார் என்று நினைத்தேன். எண் எழுதும்படி ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் காரியம் அன்றே முடிந்திருக்கும். எழுதவில்லை. அனுப்பியது முழுவதும் அப்படியே மிஞ்சியிருப்பதாக நானே எண்ணாக்கிக் கட்டத்தில் போட்டேன். விற்றது: பூஜ்யம். அடுத்த வாரம் கருவாட்டைப் பாதியாக்கினேன். மறுபடி 'நிறைவு'. அதற்கடுத்த வாரம் கால்வாசி. சீட்டின் அடியில், "எல்லாம் நிறைவு. ஐயா அவர்கள் கவனிக்கவும்" என்று ஒரு வரி வரத் தொடங்கியது. மரியாதை தெரிந்த மனிதர் என்று எண்ணிக்கொண்டேன். சிலேட்டுக் குச்சி மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று குறைந்து வந்தது. விற்கிற ஒரே சாமான் அதுதான் என்பதால் அதைக் கூட்டினேன்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. கட்டத்தில் பெரகல வரிசை பூஜ்யமாக நிரம்பியது. ஒரு வெள்ளிக்கிழமை அதை முதலாளி முன்னால் விரித்து, இந்தக் கடையை மூடிவிடலாம் என்றேன்.

அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "அந்த முக்குல மூணு ரோடு சேருது சாயம். மேல அப்புத்தள, கீழ வெல்லவாயா. சனம் போகாத நாளே கிடையாது. எப்படிப்பா கருவாடு விக்காம கிடக்கும்?"

"புள்ளி அப்படித்தாங்க சொல்லுது."

"மூக்குக்குப் பிடிபடலையே. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துறேன்."

"புள்ளி கையில இருக்கும்போது நடை எதுக்குங்க?" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை முப்பது வருஷமாக நான் மறக்க முயன்று முடியாமல் இருக்கிறேன்.

அவர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இடம் நல்ல இடம். சாமான் நல்ல சாமான். அப்ப அவன் கைதான் ராசி பத்தாத கை" என்றார். கைராசி என்ற பேச்சை ஒழிக்கத்தான் இந்தக் கட்டத்தைக் கொண்டுவந்தேன் என்று எழுத்தர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். அன்று என் கட்டம் கைராசிக்குச் சாட்சி சொல்லிற்று. நான் வாய் திறக்கவில்லை. முடிவு எனக்குச் சாதகமாக இருந்தது. காரணத்தைப் பற்றிச் சண்டை போடுவானேன் என்று விட்டுவிட்டேன்.

கடையை மூடிச் சாமானை ஏற்றி வர என்னையே அனுப்பினார். பண்டாரவளை வரை வண்டி, அப்புத்தளை வரை ரயில், அங்கிருந்து இறக்கத்தில் நடை. பெரகல முக்கை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூன்று பாதையிலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கடை வாசலில் தோட்டத்துப் பெண்கள் இருவர் நின்றிருந்தார்கள். நான் உள்ளே போகாமல் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன்.

"கருவாடு இருக்குங்களா?" என்றாள் ஒருத்தி.

"வருது தாயி" என்றார் உள்ளே இருந்த மெலிந்த மனிதர்.

"ஆறு மாசமா வருது வருதுங்கிறீங்க. கருவாடு என்ன நடந்தா வருது?"

மற்றவள், "அதுக்குப் பதிலா இந்தச் சிலேட்டுக் குச்சியப் போட்டுக் குழம்பு வைக்கலாம்டி. நல்லா வெள்ளையா இருக்கும்" என்றாள். இருவரும் சிரித்துக்கொண்டு போனார்கள். சுப்பையாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

நான் யாரென்று சொன்னதும் செல்லாயி அம்மாள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "வாங்க கிளாக்கரய்யா, வாங்க. வண்டி பின்னால வருதுங்களா? என்னென்ன போட்டு விட்டாங்க?"

சுற்றிப் பார்த்தேன். அலமாரி துடைத்து வைத்திருந்தது. எண்ணெய் டின்கள் வரிசையாக, பளபளவென்று இருந்தன. ஒரு மூலையில் கூரை வரைக்கும் சிலேட்டுக் குச்சிப் பெட்டி. "எண்ணெய் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன்.

"நிறைஞ்சிருக்குங்க" என்றாள் அந்த அம்மாள்.

டின்னைத் தட்டினேன். டங்கென்று சத்தம் வந்தது. காலி.

"மிளகாய்?"

"அதுவும் நிறைஞ்சிருக்குங்க. கருவாடு, தீப்பெட்டி, எல்லாமே நிறைஞ்சு போச்சு. இவருதான் வாராவாரம் எழுதி விடுறாரே, பாக்கலைங்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று: அவர்கள் வீடுகளில் பெண்கள் அரிசிப் பானை காலியானால் 'தீர்ந்தது' என்று சொல்ல மாட்டார்கள், 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். பதுளைக் கடையில் ஆண்கள் 'வருது' என்றார்கள், இங்கே அடுப்படிப் பேச்சு சீட்டுக்கு வந்திருந்தது. அவர்கள் வீட்டு அடுப்படிக்குள் நான் போனதில்லை. எண்ணெய் கொட்டாத, மிளகாய் நெடி இல்லாத அந்தச் சுத்தமான கடையில் நின்றபோது ஆறு மாதத்துக் கட்டமும் தலைகீழாகப் புரண்டது. விற்றுத் தீர்ந்ததையெல்லாம் விற்காததாக எழுதியிருந்தேன். அவர்கள் தீர்ந்தது என்று சொல்லச் சொல்ல நான் குறைத்திருந்தேன். நான் குறைக்கக் குறைக்க அவர்கள் விற்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கடைகளில் மிக வேகமாக விற்ற கடை அதுதான்.

அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். முதலாளியிடம் ஒரே ஒரு சீட்டைக் காட்டியிருந்தால் போதும். 'நிறைவு' என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கியிருக்கும்; அவர் வீட்டுப் பெண்களும் அப்படித்தான் பேசுவார்கள். வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். "ஜாதகத்துல லக்னத்தையே மாத்திப் போட்டுட்டியே சாயம்" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். ஒரு வாரம் என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்திருப்பார்கள். எனக்கு ஏற்படக்கூடிய நஷ்டம் அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, பையிலிருந்து கடை மூடும் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

சுப்பையா எழுத்துக் கூட்டிப் படித்தார். முடிக்க நேரமாயிற்று. செல்லாயி அம்மாள், "என்னவாம்?" என்று மூன்று தடவை கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

"விக்கலைன்னு மூடுறாங்களா ஐயா?"

"ஆமா."

"இடம் நல்ல இடந்தான்னு முதலாளி சொல்லுவாரே. அப்ப என் கைதான் அப்படியாங்க?"

இதற்கு 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தவர்களைக் கேலி செய்தவன், சொல்ல வேண்டிய நேரத்தில் அதைச் சொல்லவில்லை. "அப்படித்தான் பேசிக்கிறாங்க" என்றேன்.

அவர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டு, சிலேட்டுக் குச்சிப் பெட்டிகளைக் கட்ட எனக்கு உதவி செய்தார்.

அவர்கள் மேலே ஒரு தோட்டத்தில் பேர் பதிந்து கூலி லயத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கடை வைத்திருந்த குடும்பம் கொழுந்துக் கூடை தூக்கப் போயிற்று. மூன்று மாதத்தில் இன்னொருவர் அந்த முக்கில் கடை போட்டார்; அது அமோகமாக நடந்தது. அந்தப் பக்கம் போய் வரும்போதெல்லாம் முதலாளி, "பாத்தியா சாயம், உன் கட்டம் பொய் சொல்லாது. இடத்துல குத்தமில்ல, கையிலதான்" என்பார். நான் தலையாட்டுவேன். சுப்பையாவின் சீட்டுகளை நான் கிழிக்கவில்லை. தேதி வாரியாக அடுக்கி, கயிறு கட்டி, பரண் மேல் போட்டேன். ஒழுங்கான எழுத்தன் அல்லவா.

'கேட்டது' பத்தியை அதற்கடுத்த மாதம் சேர்த்தேன். விற்றதை மட்டும் பார்த்தால் போதாது, கேட்டுக் கிடைக்காமல் போனதையும் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் விளக்கினேன். எங்கிருந்து கற்றேன் என்று சொல்லவில்லை. நான் முதலில் வைத்த தலைப்பு 'கேட்டு இல்லாமல் போனது'. அவர், "அந்த நடு வார்த்தைய எடு" என்றார். எடுத்தேன். மிஞ்சியது 'கேட்டது' என்று சுருங்கிற்று; அதுதான் இன்று உங்கள் சீட்டில் இருக்கும் பத்தி. நண்பர்களே, மாலை போட வேண்டிய கழுத்து லயத்தில் இருந்தது.

அந்தப் பத்தியால் எங்கள் கடை இருபது வருஷம் நன்றாக நடந்தது. முதலாளி போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளி வைத்தேன். நானும் 'வருது, வருது' என்றுதான் காலம் கடத்தினேன்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் ஒரு காலை, பதுளைக் கடைத்தெருவில் ஒரு முதியவர் பலசரக்குக் கடைக்கு எதிரே ஒதுங்கி நிற்பதைப் பார்த்தேன். கடை அப்போதுதான் திறந்திருந்தது. சாம்பிராணிப் புகை வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் கையில் ஒரு சின்னப் பித்தளைத் தூக்கு. உள்ளே போவதாகத் தெரியவில்லை. கிட்டப் போனதும் அடையாளம் தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்தது.

"கிளாக்கரய்யா. நல்ல நேரத்துல வந்தீங்க. செல்லாயி ஆஸ்பத்திரியில கிடக்கா. பார்லி காய்ச்சிக் குடுக்கச் சொன்னாங்க. வாங்கணும்."

"கடை திறந்துதானே இருக்கு?"

"இன்னும் போணி ஆகலைங்க. என் கைதான் தெரியுமே, முதல் யாவாரம் நான் பண்ணினா அவருக்கு நாள் பூரா ஓடாது. யாராச்சும் வாங்கினதும் போயிருவேன். எப்பவும் அப்படித்தான், பழகிப் போச்சு." பிறகு சிரித்தார். "நீங்க முதல்ல எதாச்சும் வாங்குங்களேன். உங்க கை ராசியான கை. பதுள பூரா சொல்லுவாங்க."

அந்த இடத்திலேயே, தெருவில் நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டைப் பற்றி, 'நிறைவு' பற்றி, பூஜ்யங்களைப் பற்றி. உங்கள் கடைதான் மூன்றிலும் நன்றாக விற்றது, உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் என் தாளில் என்று சொன்னேன். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

அவர் தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு டின்னத் தட்டிப் பாத்தீங்களே. அப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"ம்" என்றார். வேறு வார்த்தை எதிர்பார்த்தேன். திட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நிறைவுன்னு எழுதினதால வந்ததுங்களா இது?"

"ஆமா. ஆனா தப்பு என் பேர்ல—"

"அந்த வார்த்தைய எழுதச் சொன்னது செல்லாயிங்க. நான் காலின்னு எழுதப் போனேன். விளக்கு வச்ச நேரத்துல அதெல்லாம் எழுதாதீங்கன்னு கையப் பிடிச்சா." மூடியை இறுக்கி மூடினார். "அவகிட்ட சொல்லிராதீங்க ஐயா. இந்த உடம்போட தாங்க மாட்டா. என் கையின்னே இருக்கட்டும்."

கடைக்காரர் உள்ளேயிருந்து, "என்ன வேணும் பெரியவரே, ஏன் வெளியவே நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்.

சுப்பையா படியில் ஒரு காலை வைத்தார். வைத்த காலை எடுத்துவிட்டு எனக்கு வழிவிட்டு நின்றார்.

"நீங்க சொன்னது விளங்கிருச்சு ஐயா. ஆனாலும் பாவம், அவரு இப்பத்தான் கடை திறந்திருக்காரு. நீங்களே முதல்ல போங்க."

நான் உள்ளே போய் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். பின்னால் அவர் வந்து பார்லி கேட்டார்.